மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தால்...

காலை ஏழேகால். பேரணாம்பட்டில் எங்கள் பெரியம்மா வீட்டுத் தெருமுனையில் ஷூ கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் செருப்பு என மருமகள் ஓடுகிறார். ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி ஒரு குரல்: "அத்தே, மறக்காம மாத்திர போட்டுக்கோங்க!"

"போட்டுக்கறேன், நீ போ. வண்டி போயிடப் போவுது."

எந்த மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை. தினமும் நடக்கிற உரையாடல் இது.

பெரியம்மாவுக்கு 73 வயது. ஆணியில் தொங்கும் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். யாரோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை. மணமகன் பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது, மணமகள் துவைத்துத் துவைத்துப் போய்விட்டார். "அதை அப்படியே கொட்டு பெரிம்மா" என்றேன்.

"இன்னா கண்ணு, கணக்கு பாக்கறியா?"

கொட்டினார். அட்டைகள், பாதி அட்டைகள், கத்தரியால் நறுக்கிய கால் அட்டைகள், மூடி இறுகிப்போன ஒரு தைராய்டு மாத்திரைப் பாட்டில், செய்தித்தாளில் மடித்த நாலு வெள்ளை மாத்திரை, மூன்று வருஷத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு. வகை பிரித்து அடுக்கினேன். பதினாலு வகை. அட்டைகளில் ஒன்றே ஒன்றுக்குப் பெயரே இல்லை. நறுக்கிய துண்டில் 'எம்.ஜி.' என்ற எழுத்தும் விலையின் பின்பாதியும்தான் மிஞ்சியிருந்தன.

"இது எதுக்கு?"

"அது... நல்லதுக்குத்தான் பா."

ஆம்பூர், வேலூர் பக்கம் என்றால் பத்திரிகைகளுக்கு மூன்றே தலைப்புதான்: பிரியாணி, தோல், பாலாறு. இந்த வாரம் நாலாவதாக ஒரு தலைப்பு. காலையில் கம்பெனி வண்டி கிளம்பிய பிறகு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் என்ன மாத்திரையை, எப்படி, எதற்கென்று தெரிந்து போடுகிறார்கள்? அதை யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா?

நாலு வாசல் வழியாக வரும் மாத்திரை

தமிழ்நாட்டில் முதியவர்களுக்கு மாத்திரை கிடைப்பதில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. கூட்டத்தில் நின்று, டோக்கன் வாங்கி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அலைந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அது முதல் வாசல். இரண்டாவது, பிள்ளைகளின் ஈ.எஸ்.ஐ. அட்டை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவரை நம்பியிருக்கும் அப்பா, அம்மாவுக்கும் நிபந்தனைக்குட்பட்டு மருத்துவம் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல், ஷூ கம்பெனிகள் நிறைந்த இந்தப் பட்டையில் பல வீடுகளில் அந்த அட்டை இருக்கிறது. மூன்றாவது வாசல், வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. இருக்கும் ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் பெரிய வியாதி என்றாலே பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலூருக்குத்தான். அதைச் சுற்றி முளைத்த தனியார் டாக்டர்களும் ஏராளம். நாலாவது, தெருமுனை மெடிக்கல். முன்பணம், அப்பாயின்ட்மென்ட் எதுவும் கிடையாது. முழங்காலைக் காட்டினால் மாத்திரை வரும்.

நாலு வாசலும் தனித்தனியாக நல்ல வாசல்கள்தான். ஒரு வாசலில் கொடுத்தது இன்னொரு வாசலுக்குத் தெரியாது என்பதுதான் கோளாறு. பெரியம்மாவின் பாயில் கிடந்ததைப் பாருங்கள். வாசலுக்கு வந்து கொடுத்த அரசு அட்டையில் 'ஆம்லோடிபின் 5 மி.கி.' என்று இருந்தது. தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த இன்னொரு அட்டையில் 'ஆம்லாங்'. முதலாவது பிரஷருக்கு என்று பெரியம்மாவுக்குத் தெரியும். இரண்டாவது "நெஞ்சுக்கு" என்று நினைத்திருந்தார். இரண்டும் ஒரே மருந்து. ஒன்று மருந்தின் பெயர், மற்றது கம்பெனி வைத்த பெயர். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என இரட்டை அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதில் பெரியம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஐந்தாவது வரை படித்தவர், தமிழ் நன்றாகவே வாசிப்பார். மாத்திரை அட்டையில் தமிழ் எங்கே இருக்கிறது? ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டிமார்களுக்கும் இதே கதிதான். ஆகவே மாத்திரைக்கு நிறம்தான் பெயர், வடிவம்தான் ஊர். "ரோஸ் கலர் பெருசு", "குட்டி வெள்ளை". அடுத்த மாதம் வேறு கம்பெனி சரக்கு வந்து ரோஸ் மாத்திரை வெள்ளையாகிவிட்டால் கணக்கு முழுக்கக் குழம்பிப்போகும். புதுசு வேறு, பழசு வேறு என்று நினைத்து இரண்டையும் போடுபவர்கள் உண்டு. "இது என்னுது இல்ல" என்று ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு.

மருந்துக்கு மருந்து

மாத்திரைகளில் 'லாசிக்ஸ்' என்று ஒன்று இருந்தது. சிறுநீர் அதிகம் போக வைத்து உடம்பில் தேங்கிய நீரை இறக்கும் மருந்து. "இது எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.

"கால் வீங்கிச்சே, அப்போ."

"கால் எப்போ வீங்கிச்சு?"

விரல் விட்டு எண்ணினார். பேத்தி சடங்குக்கு அப்புறம். பிரஷர் மாத்திரை மாற்றி எழுதியதும் சடங்குக்கு அப்புறம்தான்.

ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும், அளவு கூடினால் வீக்கமும் கூடும் என்பது மருத்துவப் புத்தகத்தில் முதல் பக்கத்துச் சமாசாரம். இரட்டை அளவு போனதால் கால் வீங்கியது. அந்த வீக்கத்தை ஒரு புது வியாதி என்று நினைத்து அதற்கு லாசிக்ஸ். லாசிக்ஸை இவர் சாயங்காலம் போட்டதால் ராத்திரியெல்லாம் பாத்ரூம். ஆடி மாசத்து ராத்திரி ஒன்றில், கரன்ட் இல்லாத நேரத்தில், பாத்ரூம் வாசப்படியில் விழுந்தார். இடுப்பு தப்பித்தது, மணிக்கட்டு உடைந்தது. மணிக்கட்டு வலிக்கு டைக்ளோஃபினாக். டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும் என்று கேஸ் மாத்திரை. ஒரே ஒரு இரட்டிப்பிலிருந்து கிளம்பிய வண்டி எங்கெல்லாம் போய் நின்றிருக்கிறது பாருங்கள்!

பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி, அதற்கும் மாத்திரை எழுதி, அந்த மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொன்று எழுதும் இந்தச் சங்கிலிக்கு 1990-களிலேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்டது. நம் ஊருக்கே உரிய இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. எனாலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். ஆனால் தோல் பதனிடும் டேனரி பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் இருமினால் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? "இந்தக் காத்துல இருமாம என்ன பண்ணும்" என்று இருமல் டானிக் வாங்கி வந்துவிடுவார்கள். காற்றின் மேல் பழி போட நமக்குக் காரணம் இருக்கிறது என்பதே அந்த மாத்திரைக்கு ஒளிந்துகொள்ள வசதியாகிவிட்டது.

மருத்துவர்களும் இதில் சிக்கியவர்களே. ஒரு நோயாளிக்கு இரண்டு, மூன்று நிமிஷம் கிடைக்கிற ஓ.பி.யில் பதினாலு மாத்திரையின் பூர்வீகத்தை யார் விசாரிப்பது? புதிதாக ஒன்று எழுத அரை நிமிஷம் போதும். பழையது ஒன்றை நிறுத்துவதென்றால் அரை மணி நேரம் யோசிக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: பட்டியல் போட்டவர்கள்

1991-இல் அமெரிக்க முதியோர் நல மருத்துவர் மார்க் பியர்ஸ், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். முதலில் முதியோர் காப்பகங்களுக்காக எழுதப்பட்டது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பிக்கிறது. 2023-இலும் ஒரு பதிப்பு வந்தது.

2008-இல் அயர்லாந்தின் கார்க் நகர மருத்துவர்கள் 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' என்று இரட்டைப் பட்டியல் வெளியிட்டார்கள். எதை நிறுத்தலாம் என்பதோடு, எதைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்பதையும் கேட்கும் பட்டியல் அது. 2023 பதிப்பில் 133 'நிறுத்து' விதிகள், 57 'தொடங்கு' விதிகள்.

2013-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று குறித்தது. காரணம், அது சுகரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கி, நீண்ட நேரம் இறக்கியே வைத்திருக்கும்.

2017-இல் அதே நிறுவனம், மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்புகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைப்பது என்று உலக அளவில் இலக்கு வைத்தது.

அரிப்புக்கு ஒரு ஏவில், உடம்பு வலிக்கு ஒரு செட்

அந்தப் பட்டியல்களை எழுதியவர்களில் யாரும் நம் மெடிக்கல் கடைகளின் 'செட்'டைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் தனி அத்தியாயமே எழுதியிருப்பார்கள்.

செட் என்றால் தெரியுமல்லவா? "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ஒரு செட் குடுங்க" என்றால், கடைக்காரர் நாலு டப்பாவிலிருந்து நாலு மாத்திரை எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு, "சாப்பிட்டு போடுங்க" என்பார். வலி மாத்திரை ஒன்று, கேஸுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, நாலாவது அவருக்கே வெளிச்சம். சில செட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டால் வலி பறந்துவிடும், பசியும் எடுக்கும். "அந்தக் கடை மாத்திரை கைராசி" என்று பெயர் பரவும். மாதக்கணக்கில் போட்டால் சுகர் ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும். திடீரென்று நிறுத்தினாலோ ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம். உறையில் பெயர் இல்லாததால் ஆஸ்பத்திரியில் என்ன போட்டார் என்றும் சொல்ல முடியாது.

உட்கார்ந்து தைத்துக் குனிந்து ஒட்டி வேலை செய்த முதுகுகள் நிறைந்த ஊர் இது. கம்பெனியில் இருபத்தைந்து, முப்பது வருஷம் உழைத்த பெண்ணுக்கு அறுபது வயதில் முதுகு வலிக்காமல் வேறென்ன வலிக்கும்? அவருக்குச் செட் ஒரு பழக்கமான துணை. வலி மாத்திரையும் எனாலாபிரில் வகை பிரஷர் மாத்திரையும் நீர் இறக்கும் மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதிலும் வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொன்னார்கள்? கத்திரி வெயிலில், தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமலே இருக்கும் ஒரு பாட்டிக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் சில நாட்களிலேயே, சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிவிடும்.

மறைந்த பெரியப்பா டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டி, பிறகு குரோம் பதனிடும் பிரிவு. கையிலும் முழங்காலுக்குக் கீழும் எப்போதும் அரிப்பு. குரோமிய உப்பால் வரும் தோல் அழற்சி உலகம் முழுக்கப் பதிவான தொழில்நோய். அவருக்கு அதற்குத் தெரிந்த மருந்து ஏவில் ஒன்றுதான். போட்டால் அரிப்பு அடங்கும், தூக்கமும் வரும். இருபது வருஷம் போட்டிருப்பார்.

ஏவில் மாதிரியான பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளை வயதானவர்கள் தவிர்க்க வேண்டும் என்று பியர்ஸ் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது. வாய் உலரும், மலம் கட்டும், புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், புத்தி மந்தமாகும். கடைசி இரண்டு வருஷம் பெரியப்பா பேரன் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். ராத்திரியில் எழுந்து டியூட்டிக்குக் கிளம்பினார். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். அது மறதி நோயா, மாத்திரையா, இரண்டுமா? நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்த ஏவில் அட்டையை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாம் என்பது இந்தக் கட்டுரைக்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதுமையில் மாத்திரையின் தீங்கு அலர்ஜி மாதிரி தடித்துச் சிவந்து வெளியே தெரிவதில்லை. தலைசுற்றல், தடுமாற்றம், மறதி, பசியின்மை, சோர்வு, விழுதல் என்று முதுமையின் வேஷத்திலேயே வருகிறது. அதனால்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெட்டிச் செய்தி: நோன்பும் சுகர் மாத்திரையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் ரமலான் மாதத்தில் மாத்திரைக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சுகர்காரர்களிடம் 2001-இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் நால்வர் நோன்பு நோற்றது தெரிந்தது. கடுமையான தாழ்சர்க்கரை அவர்களுக்கு வழக்கத்தைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது.

காலை மாத்திரையை அப்படியே விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்துக்கு நகர்த்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றில் அதிக அளவை சஹரில் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால், பிற்பகலில் வியர்த்து, நடுங்கி, நினைவு தவறலாம். சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வது இது: நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

"எல்லாம் கரெக்டா போடறேன்"

எப்படித் தேடுவது? "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் "போடறேன்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் "வீட்டுப்பாடம் எழுதினியா?" என்று கேட்கும் தொனி அது. திட்டு விழுமே என்ற பயத்தில் தலை தானாக ஆடிவிடும்.

"போன வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்ற அனுமதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "எந்த மாத்திரை போட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதைத்தான் அவர் ரகசியமாக நிறுத்தி வைத்திருப்பார். கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ போகும் நாளில் லாசிக்ஸ் போடாமல் விடுவது பெரியம்மாவின் ரகசியம். பஸ்ஸில் பாத்ரூமுக்கு எங்கே போவது? நியாயமான காரணம்தான். டாக்டரிடம் சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பார்.

கேள்வியைவிட நல்லது, செய்து காட்டச் சொல்வது. "இந்த அட்டையிலிருந்து ஒண்ணு எடுங்க பெரிம்மா" என்றேன். கட்டை விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. மூன்று முறை அழுத்திப் பார்த்து, பல்லால் கடித்துப் பிய்த்தார். "அரை மாத்திரை போடச் சொன்னாங்களே, எப்படி ஒடைப்பீங்க?" அரிவாள்மணை வந்தது. மாத்திரை இரண்டாகப் பிளக்கவில்லை. முக்காலும் தூளுமாகச் சிதறியது. "பெரிசு இன்னிக்கு, சின்னது நாளைக்கு" என்றார். மருந்து இப்படித்தான் வீட்டில் அளக்கப்படுகிறது. இதெல்லாம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் வராது.

இன்னும் இரண்டு சங்கதிகளைக் கவனித்தேன். தைராய்டு மாத்திரையைப் பெரியம்மா காலை டீயோடுதான் போடுகிறார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் டீ என்றால்தான் அது முழுசாக வேலை செய்யும். கால்சியம் மாத்திரையை அதோடேயே சேர்த்து விழுங்குகிறார். அது வேறு தைராய்டு மருந்தை உறிஞ்ச விடாது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை தைராய்டு அளவு சரியில்லை என்று டோஸ் ஏறிக்கொண்டே வந்ததன் மர்மம் ஒரு டம்ளர் டீயில் இருந்தது.

பெட்டிச் செய்தி: வீட்டிலேயே கேட்டுப் பார்க்க

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொட்டச் சொல்லுங்கள். டானிக், லேகியம், சூரணம், தைலம், பக்கத்து வீட்டில் வாங்கியது எல்லாம் சேர்த்து. ஐந்து வகைக்கு மேல் இருந்தால் ஒருமுறை முழுமையாக டாக்டரிடம் காட்டுவது நல்லது.

ஒவ்வொன்றையும் காட்டி எதற்கு, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். பதில் தெரியாததைத் தனியாக வையுங்கள்.

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கிறதா என்று அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள்.

கடந்த ஆறு மாதத்தில் விழுந்தாரா, தலைசுற்றியதா, திடீரென்று குழம்பினாரா? அதற்குச் சற்று முன் எந்த மாத்திரை புதிதாக வந்தது?

வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரை ஏதாவது உண்டா? மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சந்தேகம் வந்தாலும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பிரஷருக்கான அட்டினலால், தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை இவற்றைச் சட்டென்று நிறுத்துவது போடுவதைவிட ஆபத்து. பக்கவிளைவைப் புகார் செய்ய மத்திய அரசின் இலவச எண்: 1800-180-3024.

யார் பார்ப்பது?

1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி ஓ.பி. தொடங்கியபோது நாட்டில் அப்படி ஒன்று புதுசு. இன்று கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை இருக்கிறது, 2024-இல் திறந்தது. வேலூர் சி.எம்.சி.யில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித்துறை உண்டு. ஆனால் 2021 கணக்கில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2031-இல் இது 18.2 சதவீதம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரு சிறப்பு மருத்துவர் முன் பையைக் கொட்ட முடியாது.

பையைப் பார்க்க வாய்ப்புள்ள ஆள் ஏற்கெனவே வாசல் வரை வந்துகொண்டுதான் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். அவர் அதே ஊர்க்காரர், அதே தண்ணீர்க் குழாயடியில் நிற்பவர். பிரஷர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், கையெழுத்து வாங்குகிறார். "வேற என்னென்ன போடறீங்க, கொஞ்சம் கொண்டாங்க" என்று ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டு, இரட்டிப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்வதை அவர் வேலையில் சேர்க்கலாம். அதற்குப் பயிற்சியும் நேரமும் கூடுதல் ஊக்கத்தொகையும் வேண்டும். சும்மா ஒரு படிவத்தை நீட்டி நிரப்பச் சொன்னால் அதுவும் நாலோடு ஐந்தாகிவிடும்.

இன்னொருவர் மருந்தாளுநர். 2015-இன் மருந்தாளுநர் விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை அவர் கடமையாகவே வைத்திருக்கின்றன. தூக்க மாத்திரை போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, சீட்டுக்குக் கொடுத்தாலும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். கடை மேடையில் நடப்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு சின்ன மாற்றத்தைக் கடைக்காரர்கள் நாளைக்கே செய்யலாம். அட்டையை நறுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை நோயாளிக்கு விட்டு நறுக்குவது. அதுவும் முடியாவிட்டால் உறை மேல் பேனாவால் தமிழில் பெயர் எழுதுவது.

ஜப்பானில் பலரும் 'மருந்து நோட்டு' ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் அதில் ஒட்டிவிடுவார்கள். 2011 சுனாமியில் வீடும் ஆஸ்பத்திரியும் போன இடங்களில் அந்த நோட்டு கையில் இருந்தவர்களுக்கு மருந்து தருவது எளிதாக இருந்தது. நமக்கு நோட்டுக்கா பஞ்சம்? பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கம்பெனி ஓவர்டைம் கணக்கு எல்லாம் எழுதி வைக்கிற வீடுகள் இவை.

நறுக்கிய ஓரம்

அந்த வாரமே, தலைசுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவை மஞ்சப்பையோடு வேலூருக்கு அழைத்துப் போனேன். முதியோர் மருத்துவர் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இரட்டை ஆம்லோடிபினில் ஒன்று போனது. கால் வீக்கம் வடிகிறதா என்று பார்த்து லாசிக்ஸைக் குறைக்கலாம் என்றார். டைக்ளோஃபினாக் நின்றது, பதிலாகப் பாராசிட்டமால். சுகரில் ஒரு மாத்திரை குறைந்தது. டீக்கும் தைராய்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடச் சொன்னார். பெரியம்மா டீயைத் தள்ளிப் போடச் சம்மதிக்கவில்லை. கடைசியில் மாத்திரையை ராத்திரி படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுவதென்று சமரசம். பதினாலு, எட்டு ஆனது.

பெயரில்லாத அந்தத் துண்டை மட்டும் மருத்துவர் விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னன்னு தெரியாம உங்க தலைசுத்தலைப் பத்தி நான் முழுசா சொல்ல முடியாது. எங்க வாங்கினதுன்னு கண்டுபிடிங்க" என்றார்.

திரும்பி வந்த சாயங்காலம் எதிர்வீட்டு ஆயா விசாரிக்க வந்தார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. "என்னுதையும் பாக்கறியா கண்ணு?" என்று திண்ணையிலேயே திறந்தார். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அடியில் ஒரு கால் அட்டை. ஓரத்தில் கத்தரி கொஞ்சம் வளைந்து போயிருந்தது. பெரியம்மாவின் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். வளைவு அப்படியே பொருந்தியது. ஆயாவின் துண்டில் பெயர் இருந்தது: அல்பிரசோலம் 0.25.

"தூக்கம் வரலன்னு சொன்னா. நாலு குடுத்தேன்" என்றார் ஆயா. "நல்ல மாத்திர பா அது. எனக்கு முறுக்கு போடற வீட்டு அக்கா குடுத்தது."